முட்டுக் கொடுத்து நிக்கிற கோயிலு

ஏலே பேராண்டி, நீ அனுப்பின படத்தைப் பாத்தேன். பிலடெல்பியாவில ஒரு செங்கக் கோயிலு. அதுக்கு முன்னால இடுப்புல கைய வச்சிக்கிட்டு, என்னமோ நீயே சித்தாளு வேலை பாத்துக் கட்டினாப்பில நிக்கே. கீழ ஒரு வரி வேற எழுதியிருக்கே, அமெரிக்காவிலேயே ரொம்பப் பழைய கோயிலுன்னு. யாருலே ஒனக்குச் சொன்னா? வாசல்ல நட்டு வச்ச பலகையா? பலகை சொன்னா பொய்யா இருக்காதுன்னு நெனைக்கியா?

அந்தக் கோயிலுக்குப் பேரு குளோரியா டேயி. ஊர்க்காரவ 'ஓல்டு ஸ்வீட்ஸ்'ம்பாவ. ஸ்வீடன் தேசத்திலேருந்து வந்து குடியேறினவிய வழியில வந்த கோயிலு. 1698-ல ஆரம்பிச்சு 1700-ல தெறந்தாவ. பென்சில்வேனியா மாநிலத்துக்குள்ள அதுதான் மூத்தது, அதில தகராறு கெடையாது. ஆனா தெக்க கொஞ்ச தூரம் போனா டெலவேர்ல வில்மிங்டன்னு ஒரு ஊரு. அங்க அதே ஸ்வீடன்காரவியளுக்கு ஹோலி டிரினிட்டின்னு இன்னொரு கோயிலு. அது 1699-லயே தெறந்தாச்சு. 'கட்டினது கட்டினபடி நின்னு, இன்னிக்கும் ஆராதனை நடக்குத கோயில்கள்ல நாங்கதான் மூத்தவிய'ன்னு அவிய சொல்லுதாவ. சரி, மாசசூசெட்ஸ்ல ஹிங்காம் ஊர்க்காரன் விடுவானா? 'எங்க மரக்கோயிலு 1681, ஒரு வருசம் கூட ஆராதனை நின்னதில்ல'ங்கான். நியூ மெக்சிகோவில சாண்டா ஃபே ஊர்க்காரன் 1610-ன்னு ஒரே போடா போடுதான். நடுவில கலகத்தில எரிஞ்சு, 1710 வாக்கில திரும்பக் கட்டின கதைய மட்டும் தொண்டையக் கம்மிக்கிட்டுச் சொல்லுதான்.

கோயில் கொடையில முதல் மரியாதை யாருக்குன்னு நம்மூருல நாலு குடும்பம் வேட்டிய மடிச்சுக்கட்டி நிப்பாம்லா, அதேதான். அவன் பரிவட்டம் கேக்கான், இவன் 'மூத்தது'ங்கிற பட்டம் கேக்கான். கேட்டுட்டு ஆளுக்கொரு நிபந்தனையப் பின்னால சொருகிக்கிடுதான். வயசாகுததுல என்னலே சாமர்த்தியம் இருக்கு? நானும்தான் கெழவனாயிட்டேன். சும்மா ஒக்காந்திருந்தாலே ஆயிரும். அத்தனை வருசமும் விழாம நின்னதுக்கு யாரு காரணம்னு கேளு. அது கதை.

1638-ல ஸ்வீடன்லேருந்து ரெண்டு கப்பல் வந்துச்சு. கல்மார் நிக்கல் ஒண்ணு, ஃபோகல் கிரிப் ஒண்ணு. கூட்டிக்கிட்டு வந்த தலைவன் ஸ்வீடன்காரன் கூடக் கெடையாது. பீட்டர் மினுவிட்னு பேரு. மொதல்ல டச்சுக் கம்பெனிக்கு மன்ஹாட்டன் தீவைப் பேசி முடிச்சுக் குடுத்தவன். அங்க சீட்டுக் கிழிஞ்சதும் எதிர்க்கம்பெனியில போய்ச் சேந்துட்டான். நீங்கள்லாம் பெங்களூருல செய்யுததை அவன் அப்பவே செஞ்சிட்டான், ஆச்சரியப்படாத.

எறங்கின எடத்தில ஒரு கோட்டையக் கட்டினாவ. ராணி கிறிஸ்டினா பேரை வச்சாவ. ராணிக்கு அப்ப வயசு 11. லூத்தரன் மார்க்கத்துக்காகச் சண்டைக்குப் போய் உசுர விட்டாரு அவ அப்பா. இவ என்ன செஞ்சா? 1654-ல முடியக் கழட்டி வச்சிட்டுக் கத்தோலிக்க மார்க்கத்தில சேந்துட்டா. அங்கிட்டு ஆத்தங்கரையில அவ பேரைச் சொல்லிக்கிட்டு மழையில நனைஞ்சுக்கிட்டிருந்தவியளுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பாளா?

1643-ல ஒரு கவர்னர் வந்தாரு, யோகான் பிரின்ட்ஸ். 400 பவுண்டு எடைன்னு சொல்லுவாவ. கிலோவுல 180. குடியேறின சனம் மொத்தமே சில நூறு தலை. அதுக்கு இப்படியொரு கவர்னர், ஒரு மாளிகை, நாலு பீரங்கி, ஊருக்குப் பேரு 'புதிய ஸ்வீடன்'. பேரு வைக்கதில கொறைச்சலே கெடையாது. ஆனா 1648-லேருந்து 1654 வரைக்கும் தாய்தேசத்திலேருந்து ஒரு கப்பல் வந்து சேரல. உப்புக்கும் துணிக்கும் வழியில்லாத எடத்தில ராசாங்கம் நடந்துச்சு. கூரையேறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுந்தம் காட்டுதேன்னானாம். 1655-ல டச்சுக்காரன் ஸ்டைவசன்ட் படையோட வந்தான், எடுத்துக்கிட்டான். 1664-ல இங்கிலீஷ்காரன் வந்தான், டச்சுக்காரன்கிட்டேருந்து எடுத்துக்கிட்டான். ஸ்வீடன் ஆண்டது 17 வருசம். நம்மூருல ஒரு பிரசிடெண்டு அதுக்கு மேல இருந்திருக்கான்.

ராசாக்கள் மாறினதுல குடியானவனுக்கு என்ன வந்துச்சு? அவன் பாட்டுக்குக் காட்டை வெட்டினான், உழுதான், மாட்டைக் கட்டினான். பின்லாந்துக்காரவியளும் அதில நெறையப் பேரு. மரத்தடிய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வீடு கட்டுத வித்தை அவியளுக்குக் கைவந்தது. 1669-ல விக்காக்கோங்கிற எடத்தில, அதான் இப்ப பிலடெல்பியாவுக்குள்ள இருக்கு, மரத்தடியில ஒரு காவல்கூடம் கட்டினாவ. சண்டை வந்தா உள்ள ஒளிஞ்சுக்கிட்டுத் துப்பாக்கி சுட செவுத்துல ஓட்டை விட்ட கட்டடம். சண்டை வரல. கட்டடம் சும்மா கெடக்குதேன்னு 1677-ல அதையே கோயிலாக்கிட்டாவ.

பாதிரியாரு யாரு? யாக்கோப் ஃபாப்ரிட்டியஸ். பிரசங்கம் பண்ணினது டச்சு மொழியில. கேட்டது ஸ்வீடன்காரவிய. கொஞ்ச வருசத்தில அவருக்குக் கண்ணும் தெரியாமப் போச்சு. கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பாட்டுவாவ, அவரு பேசுவாரு. அப்படியே வருசக்கணக்கா ஓட்டினாவ. இப்ப மைக்கு கரகரன்னா ஆராதனைய நிப்பாட்டிட்டு மெக்கானிக்கைத் தேடுதான். திரையில பாட்டு வரிகள் வரலேன்னா வாயே தெறக்க மாட்டேங்கான்.

1682-ல வில்லியம் பென் வந்து, பெரிய பட்டணம் ஒண்ணு கட்டப் போறேன்னாரு. அவரு கேட்ட ஆத்தோர நெலம் ஸ்வென்சன் சகோதரர்களுக்குப் பாத்தியப்பட்டது. அவிய கொடி புடிக்கல. வேற எடத்தில மாத்து நெலம் வாங்கிக்கிட்டுக் குடுத்துட்டாவ. அந்தப் பட்டணந்தான் இப்ப நீ நின்னு இளிச்ச பட்டணம்.

அந்தக் கெழட்டுப் பாதிரியாருக்குப் பொறவு ஆளு இல்ல. தாய்தேசம் இவியள மறந்து பல வருசம் ஆச்சு. 1693-ல ஒரு கடுதாசி போட்டாவ. யாருக்கு? ராசாவுக்கா? பிஷப்புக்கா? ஸ்வீடன்ல கோத்தன்பர்க் பட்டணத்துப் போஸ்ட் மாஸ்டருக்கு. ஏன்னா அவருதான் இவிய சேதியக் கேட்டு விசாரிச்சவரு. விசாரிச்சவன்கிட்டதானே சொல்ல முடியும்? அதை எழுதினவன் சார்லஸ் ஸ்பிரிங்கர். அவன் பாடு ஒரு தனிக் கதை. லண்டன்ல தெருவில போய்க்கிட்டிருந்தவனைப் புடிச்சுக் கப்பல்ல ஏத்தி வர்ஜீனியாவில அடிமாடா வேலை வாங்கினாவ, அஞ்சு வருசம். விடுதலை ஆனதும் ஸ்வீடன்காரவிய இருக்குத எடத்தைக் கேட்டுக் கேட்டு வந்து சேந்தான். பட்டவனுக்குத்தான்லே கடுதாசி எழுதத் தெரியும்.

கேட்ட சாமானைப் பாரு. பாதிரியாரு ரெண்டு. வேதப்புத்தகம் 12. பிரசங்கப் புத்தகம் 3. வினாவிடைப் புத்தகம் 200. பிள்ளையளுக்கு அரிச்சுவடி 200. கெழவன் படிக்கப் பன்னெண்டு போதும், பிள்ளை படிக்க இருநூறு வேணும். புத்தகத்துக்குத் துட்டும் நாங்களே தாரோம், சம்பளமும் நாங்களே குடுக்கோம்னு எழுதினாவ. நாங்க பயிர் வச்சுத் திங்கோம், பொம்பளையள் நூல் நூக்காவ, அந்த மண்ணுப் பழங்குடி சனத்தோட சண்டை சச்சரவு இல்லாம இருக்கோம்னும் எழுதினாவ. அப்ப அவிய எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கொஞ்சம் கொறைவு. இப்ப நீங்க ஒரு சங்கம் ஆரம்பிச்சா மொதல்ல என்ன செய்வீய? லோகோ போடுவீய. டீ சர்ட்டு அடிப்பீய. பொறவு வாட்ஸப்புல பொருளாளர் யாருன்னு சண்டை.

ராசா பதினோராம் சார்லஸ் மூணு பாதிரியாரை அனுப்பினாரு. 1697-ல வந்தாவ. ரூட்மன் விக்காக்கோவுக்கு, பியோர்க் வில்மிங்டன் பக்கத்துக்கு. மூணாவது ஆளு அவுரேன். வந்த பாதிரியாரு கெட்டியா ஒரு கோயிலு கட்டுவோம்னாரு. உடனே ஆரம்பிச்சிட்டுல்லா சண்டை! எங்க கட்டுறது? இந்தக் கூட்டம் விக்காக்கோன்னுச்சு, அந்தக் கூட்டம் பாஸ்யங்க்னு சொல்லுச்சு. ரெண்டும் சொந்தக்காரவதான். அதனாலதான் சண்டை பெருசு. கடைசியில ரெண்டு சீட்டு எழுதி ஒரு தொப்பியில போட்டுக் குலுக்கினாவ. விக்காக்கோ வந்துச்சு. பாட்டுப் பாடிட்டுக் கலைஞ்சுட்டாவ. அம்புட்டுதான். கமிட்டி கெடையாது, கோர்ட்டு ஸ்டே கெடையாது. தோத்தவனும் கல்லு சொமந்தான்.

ஸ்வீடன்காரன் கோயிலுன்னு பேருதான். வில்மிங்டன்ல தச்சு வேலை ஸ்மார்ட்டு, பிரிட்டுன்னு ரெண்டு இங்கிலீஷ்காரவிய. கொத்து வேலை பிலடெல்பியாவிலேருந்து வந்த யார்டு. வேலை தெரிஞ்சவன் எந்தச் சாதியா இருந்தா என்ன, சுண்ணாம்பு காஞ்சாச் சரின்னுட்டாவ. கறுப்பு வால்நட்டு மரத்தில செஞ்ச பிரசங்க மேடை இன்னும் வில்மிங்டன்ல இருக்கு.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். கூரைய ரொம்பச் செங்குத்தாத் தூக்கிட்டாவ. பனி பெய்யுத ஊரு, வழுக்கிக் கீழ விழணும்லா. ஆனா கூரை கீழ மட்டுமா அமுக்கும்? பக்கத்துலயும் தள்ளும்லே. கொத்தனாரைக் கேட்டா சொல்லுவான். கொஞ்ச வருசத்துக்குள்ள குளோரியா டேயி செவுரு வெளிய பிதுங்க ஆரம்பிச்சிட்டு. என்ன செஞ்சாவ? வடக்க ஒண்ணு, தெக்க ஒண்ணுன்னு செங்கல்ல ரெண்டு சின்ன அறையக் கட்டி செவுத்தோட ஒட்ட வச்சாவ. ஒண்ணு வாசலாச்சு, ஒண்ணு பாதிரியாரு உடுப்பு மாத்துத அறையாச்சு. வேலை செவுத்தைத் தாங்குதது. வில்மிங்டன்லயும் அதே சீக்கு. அங்க பொறவு வாசமண்டபமும் வளைவும் வச்சு முட்டுக் குடுத்தாவ. 1802-ல ஒரு மணிக்கோபுரத்தையும் ஏத்திட்டாவ. அப்புறமும் 'கட்டினது கட்டினபடி'ங்காவ!

நீ எடுத்த படத்தில ரெண்டு பக்கமும் சின்னதாத் துருத்திக்கிட்டு நிக்கில்லா? அதைப் பாத்து ஒன் கூட்டாளி ஒருத்தன் 'என்னா கட்டடக்கலை நயம்'னு எழுதியிருக்கான். நயமும் இல்ல, வெங்காயமும் இல்ல. அதுதான்லே முட்டு. விழப்போனதை ஒருத்தன் பாத்தான், இன்னொருத்தன் செங்கல் குடுத்தான், மூணாவது ஆளு கட்டினான்.

உள்ள போய் அண்ணாந்து பாத்தியா? பாத்திருக்க மாட்டே, கையில போனு இருந்திருக்கும். கூரையிலேருந்து ரெண்டு கப்பல் பொம்மை தொங்குது. பாய்மரம், கயிறு எல்லாம் அச்சா வச்சுச் செஞ்சது. 1638-ல வந்த அதே ரெண்டு கப்பல்.

கல்யாணக் கதைக்கு வருவோம், ஒனக்கு அதுதானே இப்ப தேவை. 1786-லேருந்து 1831 வரைக்கும் அந்தக் கோயில்ல நிக்கோலஸ் காலின்னு ஒரு பாதிரியாரு இருந்தாரு. ஸ்வீடன் அனுப்பினவியள்ல கடைசி ஆளு. சுத்திலும் துறைமுகம், மாலுமிகள் வந்து போற எடம். ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவான், 'சாமி, இப்பவே தாலியக் கட்டணும்'பான், அவிய வழக்கத்துக்கு மோதிரம். இவரு சும்மா விடுவாரா? பொண்ணுக்கு வயசு என்ன? அப்பனுக்குத் தெரியுமா? நீ யாருகிட்டயாவது வேலைக்குக் கட்டுப்பட்டு ஓடி வந்தவனா? ஏற்கெனவே ஒண்ணு கட்டியிருக்கியா? பதில் சரியில்லேன்னா கதவைச் சாத்திருவாரு. கெஞ்சுவான், திட்டுவான், குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்ணுவான். மனுசன் அத்தனையையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. எவனெவன் 'காணிக்கைய நாளைக்குத் தாரேன் சாமி'ன்னு சொல்லிட்டுப் போனான்னும் எழுதியிருக்காரு. நாளைக்குன்னவன் எந்த ஊருலலே திரும்பி வந்திருக்கான்?

இப்ப சரித்திர ஆராய்ச்சிக்காரவிய அந்த நோட்டைத்தான் பொக்கிஷம்ங்காவ. ராசா அனுப்பின சாசனத்தை விட, கடன் சொன்ன மாப்பிள்ளைக் கணக்குல ஊரு நெலவரம் நல்லாத் தெரியுது. நீ கல்யாணத்துக்கு முன்னால ட்ரோன் விட்டுப் படம் எடுக்கணும்னு லட்ச ரூவா கேட்டியே, காலின் பாதிரியாரு இருந்தா நோட்டுல ஒனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பாரு.

பெட்சி ராஸுன்னு ஒருத்தி, அமெரிக்கக் கொடியத் தச்சவன்னு கொண்டாடுதாவல்லா, அவளுக்கு ரெண்டாங் கல்யாணம் 1777-ல அந்தக் கோயில்லதான் நடந்துச்சு. மாப்பிள்ளை கப்பல்காரன் ஜோசப் ஆஷ்பர்ன். கொடி தச்ச கதைய வெளிய விட்டது யாருன்னு தெரியுமா? அவ செத்து ரொம்ப நாளைக்குப் பொறவு, 1870-ல அவ பேரன். பேரன் சொன்னான்னு ஒரு தேசமே நம்பிட்டு. என் பேரன் சொல்லுததை நானே நம்ப மாட்டேங்கேன்.

காலின் காலத்திலயே பிள்ளையளுக்கு ஸ்வீடிஷ் மொழி போயிட்டு. வீட்டுல இங்கிலீஷ், கடையில இங்கிலீஷ், கட்டினதும் இங்கிலீஷ்காரப் பொண்ணு. அமெரிக்கா தனி நாடானதும் 1789-ல ஸ்வீடன் 'இனிமே ஆளு அனுப்ப மாட்டோம்'னு சொல்லிட்டு. வில்மிங்டன் சபை 1791-லயே எபிஸ்கோபல் சபையில சேந்துட்டு. குளோரியா டேயி 1845-ல சேந்துச்சு. கொடி போச்சு, ராசா போனாரு, மொழி போச்சு, சபை கூட மாறிட்டு. ஞாயித்துக்கிழமை கதவு மட்டும் தெறந்துச்சு.

அதே 1845-லதான் நம்ம தரங்கம்பாடிய டேனிஷ்காரன் இங்கிலீஷ்காரனுக்கு வித்துட்டுக் கப்பல் ஏறினான். சீகன்பால்கு ஐயரு 1718-ல கட்டி முடிச்ச புது எருசலேம் கோயில்ல இன்னிக்கும் தமிழ்ல ஆராதனை நடக்கு. அந்தத் தரங்கம்பாடி திருச்சபைக்கு 1921-ல மொதப் பேராயரா வந்தவரு எர்ன்ஸ்ட் ஹ்யூமன், ஸ்வீடன்காரரு. அமெரிக்காவில கைகழுவினவிய இங்க வந்து கை குடுத்திருக்காவ, அதையும் சொல்லணும்லா.

வில்மிங்டன் கோயில்லயும் ஒரு அசிங்கம் நடந்துச்சு. 1830-ல சபை சனம் ஊருக்குள்ள புதுக் கோயிலு கட்டிட்டுப் போயிட்டாவ. பழசு தூரமா இருக்காம், குளிராம். பூட்டிக் கெடந்துச்சு. 1842-ல திரும்ப ரிப்பேர் பாத்துத் தெறந்தாவ. இன்னும் கொஞ்ச வருசம் விட்டிருந்தா இன்னிக்கு மூத்ததுன்னு மாரு தட்ட அங்க ஒரு குட்டிச்செவுருதான் இருந்திருக்கும். பெருமை பேசுத பலகையில அந்தப் பன்னெண்டு வருசத்தைக் கொட்டை எழுத்தில போடச் சொல்லு பாப்போம்.

குளோரியா டேயி கல்லறைத் தோட்டத்தில அலெக்சாண்டர் வில்சன் படுத்திருக்காரு. ஸ்காட்லாந்திலேருந்து வந்த நெசவுக்காரரு, அமெரிக்கப் பறவைகளை வரைஞ்சு வரைஞ்சு புத்தகம் போட்டவரு. 1813-ல செத்தாரு. பறவை பாடுத எடத்தில பொதைங்கன்னு சொன்னாராம், அதனால இங்க கொண்டாந்தாவ. இப்ப கோயிலுக்கும் ஊருக்கும் நடுவில 95-ஆம் நம்பர் பெரிய ரோடு ஓடுது. லாரிக்காரன் ராத்திரியும் பகலும் அவருக்குப் பாட்டுப் படிக்கான். முன்னேத்தம்னு அதுக்குப் பேரு வச்சிருக்கு.

டிசம்பர் குளிருல அங்க லூசியா திருவிழா கொண்டாடுதாவ. பொட்டப்பிள்ளையள் வெள்ளை உடுப்புப் போட்டு, தலையில மெழுகுவத்திக் கிரீடம் வச்சு வரும். ஸ்வீடன்ல வளந்த வழக்கத்தை வேற வேற வம்சத்துப் பிள்ளையளும் சேந்து செய்யுது. 'நீ அசல் ஸ்வீடன்காரனா, எச்சிலைத் துப்பிக் குடு, பரிசோதனை பண்ணுவோம்'னு யாரும் வாசல்ல நிக்கல. நீ எச்சிலைக் குப்பியில துப்பி அனுப்பிப் பரம்பரை கண்டுபுடிக்க ஏழாயிரம் ரூவா கட்டினியே, என்கிட்டக் கேட்டிருந்தா ஒரு வெத்தலைக்குச் சொல்லியிருப்பேன்.

அடுத்த மட்டம் அந்தப் பக்கம் போனா ஞாயித்துக்கிழமை காலையில போ. ஆராதனைக்கு உள்ள போய் பெஞ்சில ஒக்காரு. முடிஞ்சதும் கோயில் பெரியவர் யாரையாவது புடிச்சு, இது எவ்வளவு பழசுன்னு கேக்காத. போன மழைக்கு எங்க ஒழுகிச்சு, அடைக்க எவ்வளவு ஆச்சுன்னு கேளு. அவரு யோசிக்காம பதில் சொன்னா, ட்ரோனுக்கு எடுத்து வச்ச துட்டுல பாதிய அந்தக் காணிக்கைத் தட்டுல போட்டுட்டு வா.